சி. டி. தேஷ்முக்

சிந்தாமன் துவாரகாநாத் தேஷ்முக் (ஜனவரி 14, 1896 – அக்டோபர் 2, 1982) இந்தியக் குடிமைப் பணி அலுவலர், பொருளியல் நிர்வாகி, இந்திய ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர் மற்றும் விடுதலை பெற்ற இந்தியாவின் நிதியமைச்சர்களுள் ஒருவர் ஆவார். 1956 ஆம் ஆண்டு ஆயுள் காப்பீட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்கிய நடவடிக்கையை முன்னின்று நடத்தியவர். அதன் விளைவாக இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தலைவராகவும் நீண்ட காலம் பணியாற்றினார். மகசேசே விருதும் பத்ம விபூஷண் விருதும் பெற்றவர்.

இளமையும் கல்வியும்

தேஷ்முக் அன்றைய பம்பாய் மாகாணத்தின் கொலாபா மாவட்டத்தில், ராய்கட் கோட்டைக்கு அருகிலுள்ள நாதே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை துவாரகாநாத் கணேஷ் தேஷ்முக் வழக்கறிஞர். தாயார் பாகீரதிபாய். 1912 ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழக மெட்ரிகுலேசன் தேர்வில் முதலிடம் பெற்றார். சமசுகிருதத்துக்கான ஜகந்நாத் சங்கர்சேட் உதவித்தொகையும் அவருக்குக் கிடைத்தது.

பின்னர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் தாவரவியல், வேதியியல், நிலவியல் ஆகியவற்றைப் பயின்று 1917 இல் பட்டம் பெற்றார். தாவரவியலில் சிறந்து விளங்கியமைக்காக பிராங்க் ஸ்மார்ட் பரிசு பெற்றார். 1918 இல் இலண்டனில் நடைபெற்ற இந்தியக் குடிமைப் பணி (ஐ.சி.எஸ்.) தேர்வில் முதல் இடத்தில் தேறினார். சமசுகிருதமும் தோட்டக்கலையும் வாழ்நாள் முழுதும் அவருடைய ஈடுபாடுகளாக இருந்தன. காளிதாசரின் மேகதூதத்தை மராத்தியில் மொழிபெயர்த்துள்ளார்.

ஆட்சிப் பணி

இந்தியா திரும்பிய தேஷ்முக், மத்திய மாகாணங்கள் மற்றும் பேரார் பகுதியில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் பணிபுரிந்தார். மாவட்ட அலுவலராகத் தொடங்கி, வருவாய்த் துறை மற்றும் நிதித் துறைச் செயலாளர் பொறுப்புகள் வரை உயர்ந்தார். 1931 இல் இலண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டின் செயலாளர்களுள் ஒருவராகவும் இருந்தார்.

ரிசர்வ் வங்கி

1939 ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கியில் சேர்ந்த தேஷ்முக் விரைவில் அதன் மத்திய வாரியத்தின் செயலாளரானார். 1941 இல் துணை ஆளுநராக உயர்த்தப்பட்டார். ஆளுநர் ஜேம்ஸ் டெய்லர் 1943 பிப்ரவரியில் மறைந்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஆகஸ்ட் 11 ஆம் நாள் அப்பதவிக்கு நியமிக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அப்பதவியில் அமர்ந்தது அதுவே முதல் முறை.

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்சில் நடைபெற்ற மாநாட்டில் இந்தியக் குழுவின் உறுப்பினராகக் கலந்து கொண்டார். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் பம்பாயின் தொழில்துறைப் பிரமுகர் ஏ. டி. ஷ்ராப்பும் அக்குழுவில் இடம்பெற்றனர். பன்னாட்டு நாணய நிதியமும் உலக வங்கியும் இம்மாநாட்டின் விளைவாகத் தோன்றியவையாகும்.

இந்தியப் பிரிவினையின்போது ரிசர்வ் வங்கியின் சொத்துகளையும் பொறுப்புகளையும் இரு நாடுகளுக்கும் பிரிக்கும் பணி இவர் காலத்தில் நடந்தது. 1949 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி நாட்டுடைமையாக்கப்பட்டது. தனியார் பங்குதாரர் வசமிருந்த ஒரு நிதி அமைப்பை, அன்றாட அலுவல் தடைபடாமல் அரசுடைமைக்கு மாற்றிய இந்தப் பட்டறிவு அவருக்குப் பிற்காலத்தில் பயன்பட்டது. 1949 ஜூன் 30 வரை ஆளுநராகப் பணியாற்றினார்.

மக்கள்தொகையும் புள்ளியியலும்

தேஷ்முக் 1945 முதல் 1964 வரை இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தலைவராக இருந்தார். பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இக்கழகம், மாதிரிக் கணக்கெடுப்பு முறையில் உலகின் முன்னோடி அமைப்புகளுள் ஒன்றாகும்.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்தது. ஆயினும் மக்கள் எவ்வளவு உண்கிறார்கள், எவ்வளவு ஈட்டுகிறார்கள், எவ்வளவு சேமிக்கிறார்கள் என்பவற்றுக்கு நாடு தழுவிய நம்பகமான கணக்கு இருக்கவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுகளும் பல பகுதிகளில் குறைவுடையனவாக இருந்தன. திட்டமிட்ட பொருளாதாரத்தை நோக்கிச் சென்ற புதிய அரசுக்கு இது பெரும் இடராக இருந்தது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950 இல் தொடங்கியது. மத்தியப் புள்ளியியல் அமைப்பு 1951 இல் நிறுவப்பட்டது. இரண்டும் தேஷ்முக் நிதியமைச்சராக இருந்தபோது உருப்பெற்றவை. அவருடைய அமைச்சகத்தின் ஆதரவு இவற்றுக்குக் கிடைத்தது.

நிதியமைச்சர்

1950 ஏப்ரலில் திட்டக்குழு உறுப்பினரான தேஷ்முக், ஜான் மத்தாய் பதவி விலகியதை அடுத்து சில வாரங்களிலேயே நிதியமைச்சரானார். 1952 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கொலாபா தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கான நிதி ஏற்பாடு, 1953 ஆம் ஆண்டின் மரபுரிமை வரிச் சட்டம், 1956 ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் ஆகியவை இவரது காலத்தவை. 1955 ஜூலை 1 அன்று இம்பீரியல் வங்கி, பாரத ஸ்டேட் வங்கியாக மாற்றப்பட்டது. ஊரகப் பகுதிகளுக்கு வங்கிச் சேவையைக் கொண்டு செல்வது அம்மாற்றத்தின் முதன்மை நோக்கமாகும்.

ஆயுள் காப்பீட்டின் நிலை

இந்தியாவில் ஆயுள் காப்பீடு 1818 இல் கல்கத்தாவில் ஐரோப்பியர் நலனுக்காகத் தொடங்கப்பட்டது. இந்தியர்களுக்குக் காப்பீடு வழங்கிய நிறுவனங்கள் தொடக்கத்தில் அவர்களிடம் கூடுதல் கட்டணம் பெற்றன. 1870 இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் நிறுவனம் இந்தியர்களுக்கும் வழக்கமான கட்டணத்தில் காப்பீடு அளித்தது. 1874 இல் ஓரியண்டல் நிறுவனம் பம்பாயிலும், 1906 இல் யுனைடெட் இந்தியா நிறுவனம் சென்னையிலும் தொடங்கப்பட்டன. சுதேசி இயக்கக் காலத்தில் இத்தகைய நிறுவனங்கள் பெருகின.

ஆயுள் காப்பீட்டின் கட்டணம் இறப்பு வீத அட்டவணையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஒவ்வொரு வயதிலும் ஆயிரவருள் எத்தனை பேர் ஓராண்டுக்குள் இறக்கக்கூடும் என்பதை அவ்வட்டவணை காட்டும். 1941–51 காலப்பகுதியில் இந்தியரின் பிறப்பின்போதான சராசரி ஆயுட்காலம் சுமார் 32 ஆண்டுகள் மட்டுமே. குழந்தை இறப்பு மிகுதியே இதற்கு முதன்மைக் காரணம். ஆனால் காப்பீடு செய்து கொண்டவர்களோ பெரும்பாலும் நகர்ப்புறத்தில் மாதச் சம்பளம் பெற்ற, மருத்துவப் பரிசோதனையில் தேறிய வயதுவந்தோர். எனவே பொது மக்கள்தொகையின் இறப்பு வீதம் காப்பீட்டுக் கணக்குக்குப் பொருந்தாது. ஓரியண்டல் நிறுவனத்தின் 1925–35 ஆண்டுகளின் பட்டறிவைக் கொண்டு எல். எஸ். வைத்தியநாதன் தயாரித்த அட்டவணை, இந்தியக் காப்பீட்டாளர்களின் சொந்தத் தரவுகளிலிருந்து எழுந்தது. அது பல்லாண்டுகள் அடிப்படைக் கருவியாகப் பயன்பட்டது.

இளவயதில் இறப்பு வாய்ப்பு குறைவு, முதுமையில் மிகுதி. இருந்தும் காப்பீட்டுக் கட்டணம் ஆண்டுதோறும் ஒரே அளவாகப் பெறப்படுகிறது. அதனால் தொடக்க ஆண்டுகளில் செலவாகாத தொகை சேர்ந்து ஆயுள் நிதி ஆகிறது. பின்னாளில் வரும் கோரிக்கைகள் இந்நிதியிலிருந்தே தீர்க்கப்பட வேண்டும். ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இந்நிதியை மதிப்பீடு செய்கிறார். இனி வரவேண்டிய கட்டணங்களின் இன்றைய மதிப்பு, இனிக் கொடுக்க வேண்டிய தொகைகளின் இன்றைய மதிப்பு, கையிருப்பு நிதி ஆகியவற்றை அவர் ஒப்பிடுவார். மிகுதி இருந்தால் அது உபரி எனப்படும். போனஸ் அதிலிருந்தே வழங்கப்படுகிறது.

இம்முறையில் ஓர் ஆபத்து உண்டு. பணம் கட்டுபவருக்கும் பணம் திரும்பும் நாளுக்கும் இடையே இருபது முப்பது ஆண்டுகள் கழியக்கூடும். நிறுவனத்தை நடத்துவோர் இடையில் நிதியைத் தங்கள் பிற தொழில்களுக்குத் திருப்பினாலும் உடனடியாகக் குறை தெரியாது. கணிப்பாளர் பொறுப்புகளைப் பிழையின்றிக் கணக்கிட்டாலும், எதிர்ப்பக்கத்தில் உள்ள சொத்துகள் மதிப்பற்ற பங்குகளாக இருந்தால் அக்கணக்கு காப்பீடு செய்தவரைக் காக்காது. இழப்பு வெளிப்படும்போது அதைச் சுமப்பவர்கள் கணவரை இழந்த பெண்களும் குழந்தைகளும் ஓய்வு பெற்றோருமே ஆவர்.

1938 ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் கணிப்பாளர் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆயுள் நிதியின் பாதிக்கு மேற்பட்ட பகுதியை அரசுக் கடன் பத்திரங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களிலும் முதலீடு செய்ய வேண்டும் என்றும் விதித்தது. 1945 இல் கவாஸ்ஜி ஜஹாங்கீர் தலைமையிலான குழு நிறுவனங்களின் முறைகேடுகளை ஆராய்ந்தது. 1950 இல் சட்டம் திருத்தப்பட்டு நிர்வாகச் செலவுகளுக்கும் வரம்பு வைக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பின்னரும் நாட்டுடைமைக்கு முந்தைய பத்தாண்டுகளில் 25 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் கலைக்கப்பட்டன. மேலும் 25 நிறுவனங்கள் நிதியை விரயமாக்கியதால், அவற்றின் வணிகம் காப்பீடு செய்தோருக்கு இழப்பு ஏற்படும் வகையில் வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பட வேண்டியதாயிற்று. 1955 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் பெரோஸ் காந்தி, காப்பீட்டு நிதியைத் தொழிலதிபர்கள் தவறாகப் பயன்படுத்துவதை அவையில் விரிவாக எடுத்துரைத்தார்.

நாட்டுடைமையாக்கம்

சட்டங்களால் மட்டும் இக்குறையைத் தீர்க்க இயலாது என்னும் முடிவுக்கு அரசு வந்தது. முன்கூட்டியே செய்தி கசிந்தால் நிதி வேறிடங்களுக்கு மாற்றப்படக்கூடும் என்பதால் நடவடிக்கை மறைவாகவே திட்டமிடப்பட்டது. நிதிச் செயலாளர் எச். எம். படேல் இதில் தேஷ்முக்கிற்குத் துணையாக இருந்தார். இரு கட்டங்களாகச் செயல்படுவது என முடிவு செய்யப்பட்டது. முதலில் அவசரச் சட்டத்தின் மூலம் நிறுவனங்களின் நிர்வாகத்தை அரசு ஏற்கும். பின்னர் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உடைமை மாற்றப்படும்.

1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அன்றிரவு தேஷ்முக் வானொலி வாயிலாக மக்களுக்கு இம்முடிவை அறிவித்தார். காப்பீடு செய்தோரின் பணத்துக்குப் பாதுகாப்பு அளிப்பது, நகரங்களில் முடங்கியிருந்த காப்பீட்டைச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்வது, மக்களின் சேமிப்பைத் திட்டப் பணிகளுக்குத் திரட்டுவது ஆகியவை இதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. நிறுவனங்களின் நிர்வாகத்தை ஏற்க அரசுப் பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர்.

இவ்வாறு கையேற்கப்பட்டவை 245 அமைப்புகள் ஆகும். அவற்றுள் 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 சேமநிதிச் சங்கங்கள் அடங்கும். அப்போது நாட்டில் நடப்பிலிருந்த ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்கள் ஏறத்தாழ 50 இலட்சம். 1951 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 36 கோடியாகும். மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் காப்பீட்டுக்கு வெளியே இருந்தனர் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

தொழில்துறையினர் சிலர் இந்நடவடிக்கையைக் கடுமையாக எதிர்த்தனர். ஒரு சிலரின் தவறுக்காக நன்கு நடத்தப்பட்ட நிறுவனங்களையும் பறிப்பது முறையன்று என்பது அவர்களின் வாதமாகும். பிரெட்டன் வுட்சில் தேஷ்முக்குடன் பங்கேற்ற ஏ. டி. ஷ்ராப், தனியார் தொழில்முறைக்கு ஆதரவு திரட்ட அதே ஆண்டில் பம்பாயில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மறுபுறம், பொதுக் காப்பீட்டை விட்டுவிட்டு ஆயுள் காப்பீட்டை மட்டும் எடுத்துக் கொண்டதும் விவாதிக்கப்பட்டது. பொதுக் காப்பீடு 1970களின் தொடக்கத்திலேயே நாட்டுடைமையானது.

ஆயுள் காப்பீட்டுக் கழகச் சட்டம்

1956 ஜூன் மாதம் நாடாளுமன்றம் ஆயுள் காப்பீட்டுக் கழகச் சட்டத்தை நிறைவேற்றியது. நிறைவேற்றப்பட்டபோது அதில் இருந்த சில கூறுகள் கணிப்பாளர் பணியோடு நேரடித் தொடர்புடையவையாக இருந்தன:

- குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கழகத்தின் நிதி நிலைமையைக் கணிப்பாளர்கள் மதிப்பீடு செய்ய வேண்டும்.
- அம்மதிப்பீட்டில் கிடைக்கும் உபரியில் 95 விழுக்காட்டிற்குக் குறையாத பகுதி காப்பீடு செய்தோருக்கு ஒதுக்கப்பட வேண்டும்.
- பத்திரங்களில் உறுதியளிக்கப்பட்ட தொகைகளுக்கும் போனசுக்கும் மத்திய அரசு பிணை நிற்கும்.
- பழைய நிறுவனங்களின் பங்குதாரர்களுக்கான இழப்பீடு, முந்தைய மதிப்பீடுகளில் உபரியிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த பங்கை அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்படும்.

இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956 செப்டம்பர் 1 அன்று 5 கோடி ரூபாய் மூலதனத்துடன் செயல்படத் தொடங்கியது. பம்பாயில் மைய அலுவலகமும், பம்பாய், கல்கத்தா, டெல்லி, கான்பூர், சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் மண்டல அலுவலகங்களும் அமைந்தன. 33 கோட்ட அலுவலகங்களும் 212 கிளைகளும் தொடக்கத்தில் இருந்தன. சென்னை அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டிடம் யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் தலைவர் மு. சித. மு. சிதம்பரம் செட்டியாரால் திட்டமிடப்பட்டது. நாட்டுடைமைக்குப் பின் கழகம் அதனைக் கட்டி முடித்து 1959 இல் திறந்தது.

பதவி விலகல்

கழகம் தொடங்கப்பட்ட நாளில் தேஷ்முக் அமைச்சராக இல்லை. மாநில மறுசீரமைப்பின்போது பம்பாய் நகரை மகாராட்டிரத்திலிருந்து பிரித்து மத்திய ஆட்சியின் கீழ் வைக்க முற்பட்டதை எதிர்த்து, 1956 ஜூலையில் அவர் பதவி விலகினார். ஆகஸ்ட் மாத இறுதியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சரானார்.

அடுத்த ஆண்டே புதிய அமைப்பு ஒரு சோதனைக்கு உள்ளானது. 1957 இல் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்பவருடைய நிறுவனங்களின் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்து வாங்கியது. தனியார் நிறுவனங்களின் முறைகேட்டை வெளிப்படுத்திய பெரோஸ் காந்தியே இதையும் மக்களவையில் எழுப்பினார். நீதிபதி எம். சி. சாக்ளா விசாரணை நடத்தினார். அதன் விளைவாகக் கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். உடைமை அரசிடம் வந்தாலும் ஆயுள் நிதிக்குக் காவல் தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. தனியார் காலத்தில் இத்தகைய தவறுகள் வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. இம்முறை சில மாதங்களிலேயே நாடாளுமன்றத்தில் கணக்குக் கேட்கப்பட்டது.

பிற்காலப் பணிகள்

தேஷ்முக் 1956 முதல் 1961 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும், 1962 முதல் 1967 வரை டெல்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். டெல்லியிலுள்ள இந்தியப் பன்னாட்டு மையம் உருவாவதில் முக்கியப் பங்கு வகித்தார். 1959 இல் அரசுப் பணிக்கான ரமோன் மகசேசே விருது பெற்றார். 1969 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் சுதந்திராக் கட்சி, ஜனசங்கம் ஆகியவற்றின் ஆதரவுடன் போட்டியிட்டு மூன்றாம் இடம் பெற்றார். அத்தேர்தலில் வி. வி. கிரி வென்றார். 1974 இல் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். 1975 இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

குடும்பம்

1920 இல் ரோசினா ஆர்தர் வில்காக்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். அவர் மறைந்த பின் 1953 ஜனவரியில் துர்காபாயை மணந்தார். துர்காபாய் விடுதலைப் போராட்ட வீரர், அரசியலமைப்பு அவை உறுப்பினர், சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவியவர், மத்தியச் சமூக நல வாரியத்தின் தலைவர் எனப் பல சிறப்புகளுக்கு உரியவர். அவர் 1981 இல் காலமானார்.

மறைவும் மதிப்பீடும்

தேஷ்முக் 1982 அக்டோபர் 2 அன்று ஐதராபாத்தில் காலமானார். அவர் நினைவாக ரிசர்வ் வங்கி 1984 முதல் நினைவுச் சொற்பொழிவுகளை நடத்தி வருகிறது.

1956 இல் கூறப்பட்ட நோக்கங்கள் யாவும் ஒரே அளவில் நிறைவேறவில்லை. காப்பீடு செய்தோரின் பணம் நிறுவனம் மூழ்குவதால் அழியும் நிலை முடிவுக்கு வந்தது. சிறு நகரங்களுக்கும் முகவர்கள் சென்றனர். கழகத்தின் புதிய வணிகம் 1957 இல் சுமார் 200 கோடி ரூபாயாக இருந்து, 1969–70 இல் 1000 கோடியைக் கடந்தது. கழகம் தன் சொந்தப் பட்டறிவிலிருந்து 1961–64 முதற்கொண்டு புதிய இறப்பு வீத அட்டவணைகளை உருவாக்கியது. ஆயினும் உழவர்களும் அமைப்புசாராத் தொழிலாளரும் நெடுங்காலம் காப்பீட்டுக்கு வெளியிலேயே இருந்தனர். போட்டியின்மையால் சேவை தளர்ந்தது என்ற குறையும் எழுந்தது. 1994 இல் மல்கோத்ரா குழு தனியாரை அனுமதிக்கப் பரிந்துரைத்தது. 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் 2000 முதல் தனியார் நிறுவனங்கள் மீண்டும் இத்துறையில் நுழைந்தன. 2022 மே மாதம் கழகத்தின் பங்குகளும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன.

இம்மாற்றங்களுக்குப் பின்னரும், காப்பீட்டு நிதி அதனை நடத்துவோரின் சொந்தப் பணமன்று, அதைக் கட்டியவர்களின் நம்பிக்கைப் பொருள் என்னும் கோட்பாடு இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறையின் அடிப்படையாக நிலைத்துள்ளது. அதனை நாடளாவிய சட்டமாகவும் அமைப்பாகவும் ஆக்கியதில் தேஷ்முக்கின் பங்கு முதன்மையானதாகும்.